விசாரிக்கும் தையல் கடை

எங்கள் தையல் கடை முதலாளி உளவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பழக்கம் போகவில்லை. "சட்டை தைப்பீங்களா?" என்று யாராவது கேட்டால், "உங்களை யாரு அனுப்பினது?" என்பார். வந்தவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

"கடையில ஈ ஓட்டறோம், இவர் துப்புத் துலக்கறாரு" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். கடையை மூடினால் என் பிழைப்பு போய்விடும். ஆனாலும் நான் வாய் திறக்கமாட்டேன். எட்டாவதோடு நின்றவள், புது ஆட்களிடம் பேசக் கூசுவேன்.

ஒருநாள் ஒரு பெண், தன் பிள்ளையின் சீருடைத் துணியோடு வந்தார். "எந்தப் பள்ளிக்கூடம்? என்ன அவசரம்?" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"துணி தைக்க வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?" என்று அவர் துணியைச் சுருட்டினார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "அக்கா, போகாதீங்க. நான்தான் தைக்கிறேன், உள்ள வாங்க" என்று கூப்பிட்டுவிட்டேன்.

அளவு கொடுத்துவிட்டு அவர் போனதும், திட்டு விழும் என்று பயந்தேன். முதலாளியோ வாசலில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கி உள்ளே போட்டார்.

"இனிமே வர்றவங்ககிட்ட நீயே பேசும்மா. நான் பட்டன் தைக்கிறேன்."

பேசவே தயங்கும் என்னை நம்பி வாசலை ஒப்படைத்த மனிதர். நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. கடை நன்றாக ஓடுகிறது. அவர் தைத்த பட்டன் ஒன்றுகூட இதுவரை அறுந்து வந்ததில்லை.