சக்கரம் ஏறாத எலுமிச்சை

என் அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைப்பவர். பொம்மசந்திரா, ஜிகணிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு உதிரி பாகங்கள் ஏற்றிக்கொண்டு போவார். போன வருடம் மாசி மாதத்தில், சரக்குக்குக் கயிறு கட்டும்போது வண்டியின் மேலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும் அண்ணி அவரைக் கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்கே அழைத்துப் போவதாக முடிவாயிற்று. வண்டியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, "எங்க வீட்டுப் பக்கத்துல எடம் கீதுண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக எனக்கே சாக்குச் சொல்லிக்கொள்ளத் தோன்றும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அண்ணன் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "வாரத்துக்கு ஒரு தபா ஆனேக்கல் வரைக்கும் ஓட்டினு போய் வா. நிறுத்தி வச்சே உறும வுடாத, டீசல் வண்டிக்கு அது ஆவாது. டேங்க் நெறைய டீசல் இருக்கட்டும், காலியா வுட்டா உள்ள தண்ணி கோத்துக்கும். மாசத்துக்கு ஒரு தபா ஃபில்டருக்கு அடியில கீற திருகத் தெறந்து அந்தத் தண்ணிய வடிச்சுடு. ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு வைக்காதடா, மழையில புடிச்சுக்கும். கியர்ல வுட்டு, சக்கரத்துக்குக் கல்லு குடு." அவ்வளவுதான் அவர் கேட்டது. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இதைவிட நீளமாகச் சொல்வார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டார்களா, வடிகட்டியைத் துடைத்தார்களா என்று சோதனைத் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. வேலையைச் செய்யாமலே டிக் அடித்துக் கையெழுத்துப் போடும் ஆள் அகப்பட்டால் நான் சும்மா விடமாட்டேன். பத்துப் பேர் முன்னால் நிற்க வைத்து வறுத்தெடுப்பேன். அந்த விஷயத்தில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீடு சந்தாபுராவில், வாயிலில் கேட் போட்ட ஒரு லேஅவுட்டில். தெருவில் எல்லார் வீட்டு முன்னாலும் வெள்ளை நம்பர் பலகைக் கார்கள்தான். என் வீடு கட்டும்போது ஜன்னல், கதவு, டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அண்ணனுடைய அந்த வண்டியில்தான் வந்திறங்கின. அப்போது தெருவில் வீடுகள் குறைவு, பார்க்க ஆளில்லை. எனக்கும் வாடகை வண்டிக்கான அந்த மஞ்சள் பலகை உறுத்தவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே ஓட்டினேன். சந்தாபுரா சிக்னலில் நின்றபோது, சாலையோரத்தில் ஒரு பீரோவையும் இரண்டு மூட்டைகளையும் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் ஓடி வந்து கதவைத் தட்டினாள். "பாடிகெ பர்த்தீரா அண்ணா?" வாடகைக்கு வருவீர்களா என்று கேட்கிறாள். பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே என் மேலாளர், குடும்பத்தோடு. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கேலிச் சிரிப்பாகக்கூட இருக்காது, தெரிந்தவரைப் பார்த்தால் யாரும் சிரிக்கிற சிரிப்புதான். எனக்கு ஆனேக்கல் வரைக்கும் காது சூடாகவே இருந்தது. திரும்பி வந்து நிறுத்தியபோது இடம் கொஞ்சம் சரிவாக இருப்பதைப் பார்த்தேன். கல் தேடச் சோம்பல்பட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

நகரவில்லையே தவிர, உறுமியது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன் போன் செய்வார். "இன்னாடா, வண்டி எப்டி கீது? ஸ்டார்ட் பண்ணு, கேக்கறேன்" என்பார். நான் எதைச் செய்யக் கூடாது என்று சொன்னாரோ அதையே செய்து, போனை பானெட் பக்கம் நீட்டுவேன். அவர் அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு, "சரி, ஓட்டினு போய் வந்துடு" என்பார். "இதோ கெளம்பிட்டேண்ணா" என்று சொல்லி வண்டியை அணைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவேன். சாயங்காலம் அவரே மறுபடி கேட்டால், ஆனேக்கல் பஸ் ஸ்டாண்ட் முன்னால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், போய்வர நேரமாகிவிட்டது என்பேன். பொய் சொல்வதில் எனக்கு இருந்த கற்பனை வண்டியைப் பார்ப்பதில் இருந்திருந்தால் போதும்.

ஒருநாள் எதிர் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அண்ணன் ஊருக்குப் போன பிறகு குடிவந்து அதற்குள் லேஅவுட் சங்கத்தின் செயலாளராகவும் ஆகிவிட்டவர். நல்ல மனிதர், ஆனால் தெருவில் ஒரு புதுச் செருப்பு கிடந்தாலும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். "யார்து சார் ஈ காடி?" என்றார். யாருடைய வண்டி இது என்ற சாதாரணக் கேள்வி. என் அண்ணனுடையது என்று சொல்ல ஒரு நொடி ஆகியிருக்குமா? நான் சொன்னது, "நம் டிரைவர்து சார்." நம்ம டிரைவருடையது. காலில் அடிபட்டு ஊருக்குப் போயிருக்கிறான் என்று ஒட்டுப்போட்டும் வைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பாவம் என்றார். என் நாக்கு கூசவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்கு ஒரு சைக்கிள்கூடப் பூ இல்லாமல் நிற்காது. வண்டியைக் கழுவினேன், சந்தனம் குங்குமம் வைத்தேன், முன்னால் வாழைக்கன்று கட்டினேன், மாலை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். வைத்தபின் வண்டியை எடுத்து அவற்றின் மேல் ஏற்றி நசுக்கி, தெருவில் ஒரு சுற்றாவது போய் வருவதுதான் வழக்கம். என் காருக்கு அப்படித்தான் செய்தேன். இந்த வண்டியில் பேட்டரி அதற்குள் தளர்ந்திருந்தது. சாவியைத் திருப்பினால் முனகிவிட்டு நின்றது. தெருவே வெளியே நிற்கும் நேரத்தில் யாரையாவது தள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. படம் மட்டும் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பி, "புது வண்டி மாதிரி கீதுடா" என்று குரல் செய்தியும் போட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பூ காய்வதற்குள் தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் செங்கல் வைத்து மூடினேன். பிறகு ஞாயிறுகளில் அண்ணன் கேட்டபோதெல்லாம், போனில் சத்தம் சரியாக வராது, இப்போதுதான் ஓட்டிவிட்டு வந்தேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை அண்ணன் போன் செய்தார். நடக்க ஆரம்பித்துவிட்டாராம், டாக்டர் ஓட்டலாம் என்றுவிட்டாராம். ஜிகணியில் பழைய கம்பெனி ஒன்று மறுபடி லோடு தருவதாகச் சொல்லியிருக்கிறது. "திங்கக்கெழம காலீல வண்டியோட வந்து நில்லு, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குவோம்னு சொல்ட்டாங்கடா. ஞாயித்துக்கெழம வந்து எட்துனு போய்டறேன். வண்டி ரெடியா கீது இல்ல?" கிட்டத்தட்ட ஒரு வருடமாக வருமானமில்லாத மனிதர் கேட்கிறார். "ரெடிதாண்ணா" என்றேன். மறுநாளே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் தணிக்கை, சனிக்கிழமை ஒரு கிரகப்பிரவேசம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜமான காரணம்.

ஞாயிறு காலை தங்கவயல் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பஸ் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணன் வந்துவிட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். காபி கூடக் குடிக்காமல் நேரே வண்டிக்குப் போனார். தார்ப்பாயை இழுத்ததும் காய்ந்த வாழைக்கன்று சடசடவென்று விழுந்தது. மாலை நாராக இருந்தது. அண்ணன் வலியோடு குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே, கறுத்துச் சுருங்கி, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. சுற்றி நடந்து மற்ற மூன்றையும் பார்த்தார். பூஜைக்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை ஆனேக்கல். எல்லாவற்றையும் அவர் அந்த ஒரு சுற்றில் கணக்குப் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் அவசரமாக அவற்றைப் பொறுக்கக் குனிந்தேன். "இருக்கட்டும்டா, கெளம்பும்போது ஏறிக்கும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் திருப்பி ஏதாவது கத்தி, அழுது, முடித்திருக்கலாம்.

பேட்டரி செத்திருந்தது. பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு சாக்கை விரித்து, இரும்பு பொருத்திய அந்த இடுப்போடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். சுத்தியலால் நிதானமாகத் தட்டித் தட்டி இரண்டு சக்கரத்தையும் விடுவித்தார். ஃபில்டருக்கு அடியில் திருகைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது. அதை எனக்குக் காட்டவில்லை, மண்ணில் ஊற்றிவிட்டார். "பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு", "அந்தத் துணியக் குடு" என்பதைத் தவிர இரண்டு மணி நேரம் பேச்சில்லை. பிறகு பழைய டீசல் ஆகாது, கேனில் புதிதாக வாங்கி வா என்று என்னை அனுப்பினார்.

கேனோடு திரும்பி வந்தபோது எதிர் வீட்டுக்காரர் வண்டியருகே நின்று அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். கால் சரியாகிவிட்டதா டிரைவர் என்று கேட்டார், கன்னடத்தில். எங்கள் டிரைவருக்குக் காலில் அடி என்று சார் சொன்னார், நானும் விசாரித்துக்கொண்டேதான் இருந்தேன் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். நான் கேனோடு கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நெற்றியில் கிரீஸ். பிறகு எதிர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சரிஹோய்து சார். நம் சார் காடின சென்னாகி நோட்கொண்டிதாரெ" என்றார். சரியாகிவிட்டது, எங்கள் சார் வண்டியை நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று. என் பக்கம் கையை நீட்டி, "கொடி சார்" என்று கேனைக் கேட்டார். நான் கொடுத்தேன். இவர் என் அண்ணன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

என் காரிலிருந்து ஒயர் போட்டு, கைப்பம்ப்பை அழுத்தி அழுத்தி டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றி, பன்னிரண்டரை மணிக்கு வண்டி கிளம்பியது. வெள்ளைப் புகை தெருவை மூடியது. அண்ணன் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு இனி பயமில்லை. எதிர் வீட்டுக்காரர் மாடி பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்து, கையை உயர்த்திப் பாராட்டினார்.

என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. வாசலுக்கு வந்து, "மாமா, கை கழுவினு சாப்ட வாங்க, உங்களுக்குன்னு கறி செஞ்சிருக்கேன்" என்றாள். அண்ணன் வாசற்படியைப் பார்த்தார், பால்கனியைப் பார்த்தார். எப்போதும் என் வீட்டில் முதல் ஆளாக மேசையில் உட்காருகிறவர். "இங்கயே குடுத்துடும்மா, வண்டி சூடாவட்டும், பாத்துனே சாப்ட்டுடறேன்" என்றார். அவள் மறுத்துப் பார்த்துவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியின் படியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, டிரைவர்கள் சாப்பிடுவதைப் போல மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்.

உள்ளே வந்ததும், "ஏங்க, மாமா ஏன் வெளிய உக்காந்து சாப்பிடறாரு?" என்று மனைவி கேட்டாள்.

"டிரெஸ் பூரா கிரீஸாம்" என்றேன். அவள் எனக்கு மேசையில் தட்டு வைத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.