தேர் வடமும் என் நாற்காலியும்

போன ஆடித் தேர் முடிந்த மறுவாரம் பக்கவாதம் என் இடது பக்கத்தை முடக்கியது. ஒரு வருடத்தில் கைத்தடியோடு நடக்கப் பழகிவிட்டேன். ஆனாலும் ராஜபாளையத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், எந்தப் பேருந்தில் ஏறினாலும், என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "உட்காருங்க."

ஆண்டாள் தேரின் வடத்தைச் சிறுவயதிலிருந்து ஒரு வருடமும் விடாமல் இழுத்தவன் நான். இந்த ஆடிப்பூரத்துக்கும் மகனை நச்சரித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்தேன். ரத வீதியோரம் நாற்காலி போட்டான்.

"உட்காருங்கப்பா. தேரைப் பின்னாடி பொக்லைன் எந்திரம் தள்ளுது. நீங்க இழுத்தாத்தான் தேர் ஓடுமாக்கும்?"

காலையிலிருந்து அது ஒன்பதாவது "உட்காருங்க".

தெருமுக்கில் தேர் நின்றது. வடம் எங்கள் பக்கம் ஒதுங்கித் தளர்ந்து கிடந்தது. வியர்த்துக் கொட்ட இழுத்து வந்த ஒருவர் அதைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"தொட்டுக் கும்பிட்டுக்கோங்க, பெரியவரே."

"தொடுறதுக்கா வந்தேன்? இழுக்க வந்தேன்யா!" கத்திவிட்டேன்.

"எம்புட்டுக் கோவம்! அதை ஏன் எங்கிட்ட காட்டுதீய? வடத்துல காட்டுங்க. எந்திரிங்க."

மகன் தடுப்பதற்குள் எழுந்து வலக்கையால் வடத்தைப் பற்றினேன். அந்த மனிதர் பின்னாலிருந்து என் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டார். தேர் அசைந்தது. கைத்தடி இல்லாமல் சில அடிகள் இழுத்தபடி நடந்தேன்.

மகன் ஓடிவந்தான். "விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"விழுந்தா தூக்குவோம்லா," என்று சொல்லிவிட்டு அவர் வடத்தோடு போய்விட்டார்.

நான் விழக்கூடாது என்றே ஒரு வருடமாக எல்லாரும் என்னை உட்கார வைத்தார்கள். விழுந்தால் தூக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த ஆடிக்கு நாற்காலி வேண்டாம் என்று மகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.