அம்மாவின் கணினிக்கு அப்பா ஏற்றிய வேகம்

வாசகர்களே, எனக்குச் சாட்சியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வல்லம் வடகால் வீட்டுக்குள் வாருங்கள். முதலில் உங்களை எதிர்கொள்வது சூடேறிய தூசியின் மணமும், கணினிப் பெட்டிக்குள் மூச்சிரைக்கும் விசிறியின் ஒலியும்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக, பொருள்களைப் பொருத்தும் வரிசையான 'லைனில்' நின்ற என் அம்மா, அங்கேயே வரைபடப் பிரிவில் ஓர் இடம் காலியாவதை அறிந்து, ஷிப்ட் முடிந்த களைப்போடு வரைபட மென்பொருளைப் பழகிவந்தார். தேர்வுக்கான வரைபடத்தை அந்த ஞாயிறு மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். கம்பெனிப் பேருந்து ஓட்டும் அப்பாவோ, திரையில் ஒவ்வொரு கோடும் தயங்கித் தயங்கி வருவதைப் பார்க்கப் பொறாதவர். அந்த வாரத் தொடக்கத்தில், ஏதோ ஒரு காணொளியை நம்பி, கணினியின் நினைவகமான 'ராம்' ஓடும் வேகத்தை ஏற்றினார். அது வேலைகளுக்கு நடுவே எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் குறிக்கும் 'டைமிங்' எண்களைக் குறைத்தார். அது திணறவே, அதற்குப் பாயும் மின்னழுத்தமான வோல்ட்டையும் கூட்டினார். எல்லாம் அம்மாவிடம் சொல்லாமல், ஒளித்துவைத்த பரிசைப்போல.

கோடுகள் பறந்தன, பறந்த வேகத்திலேயே திரை நீலமாகிக் கணினி அணைந்தது. வரைந்ததெல்லாம் போயிற்று. அடுத்தடுத்த நாள்களும் அப்படியே. அம்மா கணினியைக் குறை சொல்லவில்லை. "எனக்கு இது வராதுபோல கீதுடா. நான் லைனுக்குத்தான் லாயக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அப்பா வாசலுக்கு எழுந்துபோனார்.

அந்த ஞாயிறு காலையிலும் திரை நீலமானபோது, அம்மாவுக்குள் இருந்த லைன்காரி விழித்துக்கொண்டாள்.

"பீஸ் ரிஜெக்ட் ஆனா லைன்ல மொதல்ல இன்னா கேப்போம்? இன்னா மாறுச்சுன்னு கேப்போம். இந்த வூட்ல யாரு இன்னா மாத்துனீங்க?"

அப்பாவின் கையில் இட்லி அப்படியே நின்றது. "நான்தான்... ஸ்பீடு கொஞ்சம் ஏத்தி வுட்டேன்."

"கொஞ்சமா?"

"கொஞ்சம்... வோல்ட்டும்."

"யோவ், இது இன்னா உன் பஸ்ஸா, மேட்டுல மிதிக்கிறதுக்கு?"

திட்டினார்தான்; ஆனால் பல நாள் கழித்து அவர் முகம் தெளிந்தது. குற்றம் தன் விரல்களில் இல்லையே! பெட்டியைத் திறந்தோம். ராமின் மீது ஒட்டியிருந்த சீட்டில், அதைச் செய்தவர்களே பாதுகாப்பானதென்று அச்சிட்ட எண்கள் இருந்தன: வேகம் 3200, டைமிங் 16-18-18-38, வோல்ட் 1.35. பெருமையோடு சொல்கிறேன், நான் ஏற்ற இறக்கத்தோடு முழங்கிய முதல் உரை அந்த எண்களே. நான் வாசிக்க, அப்பா கணினியின் அமைப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் திருத்தினார். ராமைச் சோதிக்கும் நிரலை நண்பகல்வரை ஓடவிட்டோம். ஒரு பிழையும் காட்டவில்லை. அதன்பின் அம்மா அமர்ந்தார். கோடுகள் நிதானமாக வந்தன, வந்தவை நிலைத்தன. பொழுது சாயுமுன் வரைபடம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பெட்டி இன்று இல்லை. வரைபடப் பிரிவில் அமர்ந்திருக்கும் அம்மாவின் மடிக்கணினியில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அன்பினால் கெடுப்பதற்குக்கூட அங்கே வழியில்லை. தண்டலத்துக் கல்லூரியில் மேடைதோறும் வாதிடும் நான், 'வாக்குறுதி' என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் நினைப்பது, அன்று மாலை எங்கள் சின்னக் கூடத்தின் நடுவே நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி அப்பா அம்மாவிடம் சொன்னதைத்தான்:

"இனிமே உனக்கு நல்லது செய்யணும்னாலும், உன்னக் கேட்டுகினுதான் செய்வேன்!"