செல்வி தந்த பொடி

எனக்கு லூபஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். லைனில் என் பக்கத்தில் நிற்கும் செல்விக்கு ஒரு தும்மல்கூட வராது. ஓ.டி.யும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவாள். மூட்டுவலியோடு படியேறும் எனக்குப் பொறாமையில் மனம் வெந்துபோகும்.

“நீ இன்னாடி சாப்புடுற?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“எதிர்ப்புச் சக்திப் பொடிதான்க்கா. நீயும் துன்னு பாரு, சும்மா கும்முனு ஆயிடுவ.”

அவளைப்போல ஆகும் வெறியில் லூபஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு, அவள் தந்த பொடியைத் தொடங்கினேன். சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. கன்னம் சிவந்து, கால்கள் வீங்கின.

டாக்டர் பதறிவிட்டார். “கிருமி வந்தா உடம்பு இன்டர்ஃபெரான்ங்குற புரதத்தைச் சுரந்து எச்சரிக்கை பண்ணும். லூபஸ்ல கிருமி இல்லாமலே அது சுரந்துக்கிட்டு இருக்கும். அதை அடக்குற மாத்திரைய விட்டுட்டு, தூண்டுற பொடிய சாப்பிட்டிருக்கீங்களேம்மா! இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும்.”

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த செல்வி அழுதாள். அப்போதும் நான் அவளுடைய வீங்காத கால்களைத்தான் பார்த்தேன்.

இப்போது மாத்திரையை விடுவதில்லை. டாக்டரைக் கேட்காமல் எந்தப் பொடியையும் தொடுவதில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. அது வரும்போது, “உன்னப் பாத்தா வயிறு எரியுதுடி” என்று செல்வியிடமே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால், அவள் சாப்பிடுவதையெல்லாம் நானும் சாப்பிடத் தோன்றுவதில்லை.