முப்பத்தைந்தாம் வருஷத்து டாலர்

மாமனார் சிட்னிக்கு வந்த மறுநாளே ஒற்றை டாலர் நோட்டு ஒன்றை என்னிடம் காட்டினார். அமெரிக்க நோட்டு, நீல முத்திரை, படத்துக்குப் பக்கத்தில் 1935 என்று போட்டிருந்தது. காட்டினார், அவ்வளவுதான்; கையில் தரவில்லை.

"இது எங்கப்பா நோட்டு இல்லம்மா. என் தம்பி மாத்தி வச்சது."

அவருடைய அப்பா சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. அறுபதுகளின் தொடக்கத்தில் கோதுமைக் கப்பலில் வந்த சமையல்காரர் ஒருவர் அவருக்குப் புத்தம் புது டாலர் நோட்டைக் கொடுத்தாராம். சின்னப் பையனாக இருந்த மாமா அதை மோந்துகூடப் பார்த்திருக்கிறார். ராசியான நோட்டு என்று பீரோவைவிட்டு அதை யாரும் எடுத்ததில்லை. அப்பா போன பிறகு, ஆளுக்கொரு சாவி வைத்திருந்த அண்ணனும் தம்பியும் சேர்ந்து பீரோவைத் திறந்தபோதுதான் அந்த வருஷத்தைப் படித்தார்கள். அன்று புதிதாக வந்த நோட்டில் முப்பத்தைந்து எப்படி வரும்? இருவரும் வாய் திறக்கவில்லை. நோட்டு அண்ணன் பங்குக்கு வந்தது. பிறகு தம்பி வீடு மேல் வீடாகக் கட்டினார். ராசி எங்கே போனது என்பதற்கு மாமாவுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பேச்சு நின்றது. விசேஷங்களுக்கு மொய் மட்டும் யார் கையிலாவது போகும்.

அந்தத் தம்பி இப்போது மெல்பர்னில், பாயிண்ட் குக்கில் மகளோடு இருக்கிறார். பேத்திக்குக் காதுகுத்து என்று எங்களை அழைத்திருந்தார்கள்.

"அந்தத் திருட்டுப் பய வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

என் கணவர் வாயில் வழக்கம்போலக் கொழுக்கட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு டாலருக்காகக் கூடப்பிறந்தவனை வெட்டிவிடுவதா? ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு, சிட்டியில் பழைய நோட்டு வாங்கி விற்கும் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் தும்மியதற்கே சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். கடையில் நோட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்; ஓரத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"கண்ண எடுக்காதம்மா. இவங்களும் மாத்திடுவாங்க."

கடைக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார். இது நிறையக் கிடைக்கிற நோட்டு, மடிப்பு இல்லாததால் ஏதோ சில டாலர் போகும் என்றார்.

"பாத்தியா, அடிமாட்டு விலைக்குக் கேக்குறான்!"

அச்சடித்தது எப்போது என்று கேட்டேன். வருஷத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எஃப் எழுத்தைக் கடைக்காரர் தொட்டுக் காட்டினார். அந்த வருஷம் அச்சான வருஷமில்லை; அந்த வரிசை ஆரம்பித்த வருஷம். அதிகாரிகளின் கையெழுத்து மாறினால் வருஷத்தை அப்படியே விட்டுவிட்டு எழுத்தை மட்டும் மாற்றுவார்களாம். எஃப் என்றால் ஐம்பதுகளின் கடைசி, மிஞ்சினால் அறுபதுகளின் தொடக்கம்.

நான் தமிழில் சொன்னேன். மாமா என்னை முறைத்தார். "நிஜமாவே அவர் சொன்னதா? இல்ல, ஒம் புருஷன் சொல்லிக் குடுத்தானா?"

கடைக்காரர் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நோட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும், தம்பி நம்பரைப் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன்.

"டேய்... அப்பா நோட்டு அதேதான்டா. நீ மாத்தல."

ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வந்தது.

"நான் மாத்தலன்னு எனக்குத் தெரியாதாண்ணே? நீதான் மாத்திட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

மாமா போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பாத்தியாம்மா, என்னையப் போய் சந்தேகப்பட்டிருக்கான்!"