விசிறியைக் காதில் வைத்துக் கேட்டவர்

தருமபுரி பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்பவர் அவர். மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் திருப்புளி. எந்த விசிறியையும் ஓடவிட்டுக் காதருகே வைத்து, தேங்காய் தட்டிப் பார்ப்பவர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார்.

என் மனைவி நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து, பகலில் ஹாலை ஒட்டிய அறையில் தூங்குவாள். நடுவில் கதவு கிடையாது, திரைதான். லீவில் மகளோடு ஹால் டிவியில் பழைய கேம்கள் ஆட எனக்குச் சத்தமில்லாத சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. "என் தூக்கம் கெட்டுச்சுன்னா பெட்டி தெருவுக்குப் போயிரும்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

கடைக்காரரிடம் விஷயத்தையெல்லாம் சொல்லி, நெட்டில் பார்த்து எழுதிய பட்டியலை நீட்டினேன்.

"பழைய கேமுக்கு இவ்ளோ பெரிய கிராபிக்ஸ் கார்டா? களி கிண்ட ஜேசிபி எதுக்குங்க?" என்று அதைக் கோடு போட்டு அடித்தார். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை அடித்துவிட்டு சத்தமே போடாத எஸ்எஸ்டி என்று எழுதினார். நான்கு விசிறிகளைக் காதில் வைத்துக் கேட்டு, மெதுவாகச் சுற்றும் ஒன்றை எடுத்தார். வாங்க வந்தது நானா அவரா என்று எனக்கே குழப்பம்.

பொட்டலம் கட்டும்போது கேட்டார்: "ஆட்டத்துல தோத்தா கத்துறது நீங்களா, பாப்பாவாங்க?"

"நான்தாங்க."

"அதுக்கு எங்கிட்ட பார்ட்ஸ் இல்லீங்களே!"

பெட்டி ஓடுகிறதா என்று இன்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது. நான் தோற்கப்போகும்போதெல்லாம் மகள் ஓடிவந்து என் வாயைப் பொத்துகிறாள். எங்கள் வீட்டில் கத்தல் உண்டு என்று கடைக்காரருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் பிடிபடவில்லை. விசிறியைக் கேட்ட மாதிரி என்னையும் கேட்டிருப்பாரோ?