மாலை போட்டுக் கெடுத்த காரியம்

என் மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியது நான் செய்த முதல் முட்டாள்தனம். அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டில் எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் செய்ததுதான். கூப்பிடு தூரத்தில் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் அங்கே போய்ப் பெற்றுக்கொண்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நமக்கு மட்டும் தாய்வீடு வேண்டும். ஐந்தாம் மாதமே கப்பலேற்றிவிட்டேன்.

திரும்பி வருவதற்கு ஒரு பெர்மிட் உண்டு, அதற்கு ஒரு கெடு உண்டு. பிறந்த பெண் குழந்தை நோஞ்சானாக இருந்தது. இப்போதைக்குக் கப்பல் பயணமே கூடாது என்று ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். கெடுவை நீட்டிக்கச் சொல்லி இங்கே நான் மனுப் போட்டேன். டாக்டர் சீட்டு சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்போது கெடு முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அது தாண்டினால் புதிதாக மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

நான் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன். கடைக்கு வரும் குமாஸ்தா ஒருவர்தான் வழி சொன்னார். எங்கள் தொகுதி உறுப்பினர் வாரம் ஒரு மாலை சமூக நிலையத்தில் உட்கார்ந்து ஜனங்களின் குறை கேட்கிறார், யாரும் போகலாம், அவர் ஒரு கடிதம் கொடுத்தால் திருப்பிய மனுவையும் மறுபடி பார்ப்பார்கள் என்றார். அன்றைக்கே நேராகப் போயிருந்தால் இதை எழுதும் வேலையே இருந்திருக்காது. நான் போனது எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரிடம்.

பெரிய மனிதரைப் பார்க்க ஒரு பெரிய மனிதரோடுதானே போக வேண்டும்! தலைவருக்கும் பரம சந்தோஷம். பஃபலோ ரோட்டில் ஆளுயர ரோஜா மாலை கட்டச் சொன்னார். எலுமிச்சம்பழம், சால்வை எல்லாம் வாங்கினோம். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினார்.

"எடுத்த எடுப்புல கேக்கப்படாதுப்பா. காரியத்துக்காக வந்தவன்னு நெனச்சிருவாரு. மொதல்ல மரியாதை. நான் சொல்றப்போ நீ பேசு."

அங்கே பெஞ்சில் நம்பர் அட்டையோடு ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவி, கையில் கசங்கிய தண்ணீர் பில் மட்டும். வணக்கமும் இல்லை, கும்பிடும் இல்லை. பில்லை மேஜையில் போட்டாள், கத்தினாள், கடிதம் வாங்கினாள், போனாள். என்ன ஜன்மம் என்று நான் முகம் சுளித்தேன். சுளித்த அந்த முகத்தில் இப்போது அறையலாம் போலிருக்கிறது.

உறுப்பினர் சட்டைக்கையை மடித்துவிட்ட, தூக்கம் கெட்ட கண்களோடு ஒரு சீனர். மாலை கழுத்தில் விழுந்ததும் கூச்சத்தோடு கழற்றி வைத்தார். மலாயில், "என்ன பிரச்சினை?" என்று கேட்டார். தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஒன்றுமில்லை ஐயா, சும்மா மரியாதைக்காக வந்தோம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். உறுப்பினர் வெளியே நீண்டு கிடந்த வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டு நன்றி சொன்னார்.

இரண்டாம் தடவை போனபோது தலைவர் வாய் திறந்தார். சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினராக வர வேண்டும் என்று கேட்டார். என் காரியம்? "விழாவுக்கு வரட்டும்பா. நம்ம இடம், நம்ம மேடை. அங்க வச்சு சொன்னா அவரால தட்ட முடியாது லா." அதையும் நம்பினேன். கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தது.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது நடந்த விழாவில் ஆறு பேர் பேசினார்கள், ஆறு பேரும் அவரை வானத்துக்குத் தூக்கினார்கள். முடிந்ததும் நான் சோடா கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இரண்டு தடவை வந்தாயே, உனக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று என்னையே பார்த்துக் கேட்டார். பக்கத்தில் தலைவர், முன்வரிசையில் சங்கத்துப் பெரியவர்கள் எல்லாரும். நல்ல நாளில், நாலு பேர் நடுவில், விருந்தாளியிடம் கைநீட்டுவதா? "ஒன்றுமில்லை சார்" என்றேன். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

பெர்மிட் காலாவதியான மறுவாரம் தனியாகப் போனேன், மாலை இல்லாமல். நம்பர் அட்டை வாங்கி உட்கார்ந்தேன். பத்தே நிமிஷத்தில் உறுப்பினர் விஷயத்தைக் கேட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக் கடிதம் தட்டச்சு செய்ய வைத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "போன மாதம் சொல்லியிருக்கலாமே!" கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். அவருடைய கடிதம் போனது, பதிலும் வந்தது: கெடு தாண்டிவிட்டது, புது மனுவாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும். அவர் மேலும் இரண்டு கடிதம் எழுதினார். அவளும் குழந்தையும் வந்து சேர நாலு வருஷம் ஆனது.

அந்த நாலு வருஷமும் அவள் கடிதத்துக்குக் கடிதம் ஒன்றே கேட்டாள்: அங்கே யாரையாவது போய்ப் பார்த்தீர்களா? பார்த்தேன், தொகுதி உறுப்பினரிடம் மூன்று தடவை நடையாய் நடந்தேன், அந்த ஆள் கண்டுகொள்ளவில்லை என்று எழுதினேன். வேறு எதை எழுதுவேன்? மூன்று தடவை நடந்தது பொய்யில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வந்த பிறகும் அதையே சொன்னேன்.

அவள் வந்த சில மாதத்தில் உறுப்பினர் வீடு வீடாக வந்தார். கதவைத் திறந்தது அவள். பின்னால் நின்ற என்னை அவர் அடையாளம் கண்டுகொண்டு, முகம் மலர, "வந்துவிட்டார்களா?" என்று மலாயில் கேட்டார். அவளுக்கு மலாய் தெரியாது. யார் இவர் என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னேன். அவள் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகக் கதவை அறைந்து சாத்தினாள்.

நான் திறக்கவில்லை.